கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே வேலூர்

சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவர் முதலில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. அந்த இடத்தை உரசி, பசை தடவி, ரப்பர்த் துண்டை வைத்துத் தட்டுவார். பிறகு மறுபடியும் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார். மென்பொருளுக்கும் இப்படித்தான் ஒட்டுப் போடுகிறார்கள். வரிசைதான் கொஞ்சம் மாறும். முதலில் ஒட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். குமிழி எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது டியூபின் பொறுப்பு.

ஓசூரில் உள்ள பெருவழி பிரேக்ஸ் நிறுவனத்தில் இந்த ஒட்டு மாதந்தோறும் வரும். போடுகிறவர்கள் சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருக்கும் தகவல் பாதுகாப்பு மேன்மைப் பிரிவினர். போடப்படுவது டன்னலுக்கு.

டன்னல் என்பது ஊழியர்கள் வைத்த பெயர். வீட்டிலிருந்து தொழிற்சாலைக் கணினியைத் தொட வேண்டுமென்றால் பொது இணையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பொது இணையம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. யாரும் நிற்கலாம், யார் பையையும் எட்டிப் பார்க்கலாம். ஆகவே மடிக்கணினியில் ஒரு மென்பொருளை வைத்தார்கள். நாம் அனுப்புவதையெல்லாம் அது பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பும். ஒரு சாவி நம்மிடம், இன்னொரு சாவி தொழிற்சாலையிடம். வழியில் நிற்பவனுக்குப் பெட்டி போவது தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அருமையான ஏற்பாடு. அதை அப்படியே விட்டிருந்தால் சுடலைமுத்துவுக்கு இந்தக் கதையில் வேலையே இருந்திருக்காது.

சுடலைமுத்து சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பெருவழி பிரேக்ஸில் லாரிகளுக்குச் சரக்கு வரிசை போடுகிறார். கார் கம்பெனியில் எந்த வண்டி எப்போது வரிசையில் வருகிறதோ, அதற்கான பிரேக் டிரம் அப்போது கைக்கு வர வேண்டும். கடைசியில் இறங்க வேண்டியது லாரியில் முதலில் ஏற வேண்டும். அதை யோசித்துக் கணினியில் போட ஒரு மனிதர் போதும்; அவர் எங்கே உட்கார்ந்து யோசிக்கிறார் என்பது டிரம்முக்குத் தெரியாது.

அவர் யோசித்த இடம் மனைவி ஜெயமணியின் கட்டிலோரம். ஜெயமணிக்கு ஏழாவது மாதம். முன்பு இரண்டு முறை தங்காமல் போனது. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குளியலறைக்குப் போவதென்றால்கூட ஒருவர் கைபிடித்துத்தான் போக வேண்டும். ஊரிலிருந்து வந்து நிற்க ஆள் இல்லை. கம்பெனி பெரிய மனது வைத்து, பிரசவம் வரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தது. ஒரே நிபந்தனை: டன்னல் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் வைத்திருக்கிறது. அது அறுபதுக்குக் கீழே போனால் அனுமதி ரத்து; மறுநாள் காலையிலிருந்து ஆலைக்கு வர வேண்டும். சுடலைமுத்துவின் மதிப்பெண் தொண்ணூற்றிரண்டு. அவர் கவலைப்படவில்லை.

வீடு ஜூஜுவாடியில், தமிழ்நாடு முடியப் போகிற தெருவில். முன்னால் கூடம், பின்னால் படுக்கையறை, இரண்டுக்கும் நடுவே கிரைண்டர் வைத்திருக்கும் குறுகலான நடை. அந்தத் தெருவுக்குக் கேபிள் இணையம் வரவில்லை. தெருமுனைக் கம்பம் உங்களுடையது என்று இரண்டு மாநிலத்து ஒப்பந்தக்காரர்களும் நாகரிகமாக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இணையம் கைபேசி வழியாகத்தான்.

அந்த மாத ஒட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கூடவே ஒரு குறிப்பு, கம்பெனியின் தாய்மொழித் திட்டத்தின்படி தமிழிலேயே: "திருத்தங்கள்: தேவையற்ற துண்டிப்புகள் நீக்கப்பட்டன. இனி தேவையான துண்டிப்புகள் மட்டுமே நிகழும். மேம்பாடுகள்: இட விழிப்புணர்வு."

அன்று கேஸ் சிலிண்டர் வந்தது. சுடலைமுத்து கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்தார். டன்னல் அறுந்திருந்தது. மடிக்கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி. கட்டிலில் படுத்தபடி ஜெயமணி அதை முதலில் படித்துவிட்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க பெங்களூருக்கு எப்பம் போனீய?"

"பெங்களூரா? வாசலுக்குல்லா போனேன்."

"இதுல போட்டிருக்கு. 'சாத்தியமற்ற பயணம். நீங்கள் சில நிமிடங்களில் பெங்களூரிலிருந்து சென்னைக்குச் சென்று, பெங்களூருக்குத் திரும்பியுள்ளீர்கள். இது நீங்கள்தானா?' பெங்களூர்ல யாரு இருக்கா?"

"ஏட்டி, மெஷினு சொல்லுதத நம்புவியா, கட்டுன புருசன நம்புவியா?"

"மெஷினுக்குப் பொய் சொல்லி என்ன கிடைக்கப் போவுது?"

ஆலையின் உதவி மையத்தில் இருந்த சுப்ரியா, ஓசூரிலேயே பிறந்து மூன்று மொழிகளில் திட்டு வாங்கிப் பழகிய பெண். போனிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"அய்யோ, ஸ்வல்ப இருங்கண்ணா. உங்க வீடு பார்டர்ல இருக்குதா? முன் ரூம்ல தமிழ்நாட்டு டவரு எடுக்கும், பின் ரூம்ல கர்நாடகா டவரு. டன்னலுக்குத் தெருவெல்லாம் தெரியாது. தமிழ்நாட்டு டவருன்னா அதோட வாசல் சென்னையில இருக்குது, அதனால சென்னைன்னு எடுத்துக்கும். அந்தப் பக்கம்னா பெங்களூரு. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் முந்நூறு கிலோமீட்டருண்ணா."

"இத மேல சொல்லுதியாம்மா?"

"இப்பவே எழுதிப் போடறேன்."

மேலிருந்து பதில் விரைவாகவே வந்தது. "பயனரின் விளக்கம் பெறப்பட்டது. கேட்காமலே விளக்கம் தருவது சந்தேகத்துக்குரிய நடத்தை. மதிப்பெண் குறைக்கப்பட்டுள்ளது."

சுடலைமுத்து யோசித்தார். கைபேசி நகர்வதால்தானே தொல்லை? அதைப் படுக்கையறை ஜன்னலிலேயே வைத்துவிட்டு நடமாடினார். சில வாரம் நிம்மதியாகப் போனது. அடுத்த ஒட்டு வந்தது. மேம்பாடு: அசைவின்மை விழிப்புணர்வு.

"உங்கள் கைபேசி நெடுநேரமாக அசையவில்லை. நீங்கள் உயிருடன் இருக்கிறீர்களா?"

ஆம் என்று அழுத்தினார். சரி, உயிருடன் இருப்பவர்கள் அசைவார்கள் என்று டன்னல் நினைவூட்டியது. கைபேசியைத் தொட்டில் பிள்ளை மாதிரி மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே வரிசை போட முடியவில்லை. கடைசியில் அதைத் தலையாட்டும் மேசை விசிறியின் கூண்டில் ரப்பர் வளையத்தால் கட்டினார். விசிறி இடமும் வலமும் போய்வந்தது. கைபேசியும் கூடப் போய்வந்தது. பக்கத்து வீட்டு முனிலட்சுமி கீரை கொடுக்க வந்தவள், விசிறியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜெயமணியின் காதருகே குனிந்தாள்.

"பாப்பா, வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் ஆயிட்சா? தாயத்து கட்டற ஆளு அத்திப்பள்ளில இருக்காரு."

டன்னலும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்தது. "பயனர் மணிக்கணக்கில் ஒரே தூரம் இங்கும் அங்கும் நடக்கிறார். இது எதையோ மறைப்பவரின் நடை." மதிப்பெண் எழுபத்தொன்று. கூடவே விசாரணைக்கு அழைப்பு.

தகவல் பாதுகாப்பு மேன்மைப் பிரிவின் தலைவர் ஸ்ரீராம் காணொளியில் தோன்றினார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. குரலில் கோபமே இல்லை. நல்ல டாக்டர் கெட்ட செய்தி சொல்வதுபோலப் பேசினார்.

"மிஸ்டர் சுடலைமுத்து, பயப்படாதீங்க. நாங்க உங்களை மட்டும் சந்தேகப்படலை. எல்லாரையும் சமமா சந்தேகப்படறோம். எங்ககிட்ட பாரபட்சமே கிடையாது. எம்.டி. சாரைக்கூட போன வருஷம் ஒரு வாரம் உள்ளே விடலை. அவரே கூப்பிட்டுப் பாராட்டினார். அதாவது, கூப்பிட்டார்."

"சார், அது டவர் மாறுதது சார். வீடு பார்டர்ல—"

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க."

"வேற யாரும் சொல்லியிருக்காகளா சார்?"

"இல்லை. நீங்கதான் முதல் ஆள். அதுதான் எனக்கு இடிக்குது." ஸ்ரீராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். போன மழைக்காலத்துல சர்வர் கெட்டுப்போய் பதினோரு நாள் யாருமே உள்ளே வர முடியலை. அந்தப் பதினோரு நாளும் ஒரு திருட்டு இல்லை, ஒரு தப்பு இல்லை. எங்க பிரிவோட பொற்காலம் அது. இந்தக் கேடயம் அதுக்குத்தான் குடுத்தாங்க. மறுபடி அந்த நிலைமையை எட்டறதுதான் எங்க லட்சியம். நீங்க பெங்களூர்ல இன்னொரு கம்பெனிக்கு வேலை செய்யறீங்களா?"

"படுக்கையறையிலயா சார்?"

"இடத்தை நீங்களே ஒத்துக்கறீங்க," என்று எழுதிக்கொண்டார் ஸ்ரீராம்.

எழுதிக்கொண்டாரே தவிர, அவர் அநியாயக்காரர் இல்லை. நேரில் வந்து பார்ப்பதென்று முடிவு செய்தார். அடுத்த வாரம் கம்பெனிக் கார் ஜூஜுவாடித் தெருவில் நுழைந்தது. ஸ்ரீராம், சுப்ரியா, அலைவரிசை பார்க்கும் கருவி ஒன்று. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. வருமான வரிக்காரர்கள் என்று ஒரு பேச்சு; பெண் வீட்டார் என்று இன்னொரு பேச்சு.

ஸ்ரீராம் கருவியை நீட்டிப் பிடித்தபடி கூடத்திலிருந்து அடிமேல் அடி வைத்து நடந்தார். கூடம் முழுக்கத் தமிழ்நாடு. நடையில் கிரைண்டர் வரைக்கும் தமிழ்நாடு. படுக்கையறை நிலைப்படியைத் தாண்டியதும் முள் சட்டென்று கர்நாடகத்துக்குச் சாய்ந்தது. திரும்பி வந்தார், தமிழ்நாடு. மறுபடி போனார், கர்நாடகம். கட்டிலில் படுத்தபடி ஜெயமணி அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடலைமுத்துவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. "பாத்தீயளா சார். நான் சொன்னது நெசம்தானே?"

"நீங்க சொன்னது முழுக்க உண்மை," என்றார் ஸ்ரீராம். "பிரச்சினை நான் நினைச்சதைவிடப் பெரிசு. இத்தனை நாளா அனுமதியில்லாம ரெண்டு மாநிலத்துல வேலை செஞ்சிருக்கீங்க."

தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சிக்கல் வந்தாலும் தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள். ஆள் நடக்க ஒரு கோடு, டிராலி போக ஒரு கோடு, குப்பைத்தொட்டி நிற்க ஒரு கட்டம். கோடு போட்டதும் பாதிச் சிக்கல் தீர்ந்த மாதிரி இருக்கும். மீதிப் பாதி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். சுப்ரியா காரிலிருந்து மஞ்சள் டேப் எடுத்து வந்து, தலை நிமிராமல், படுக்கையறை நிலைப்படியில் குறுக்கே ஒட்டினாள்.

ஸ்ரீராம் நடைமுறையை விளக்கினார். இனி சுடலைமுத்து கூடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். விசிறியில் கைபேசி கட்டக் கூடாது. சட்டைப்பையில், உடம்போடு இருக்க வேண்டும். படுக்கையறைக்குப் போக வேண்டுமானால் வெளிமாநிலப் பயண விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும்.

"ஒப்புதல் வாங்கினா மட்டும் போதாது. டன்னல் வேகத்தைக் கணக்குப் பண்ணும். தூரத்தை நேரத்தால வகுக்கும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஆறு மணி நேரம்னு வெச்சா நம்பும். அதனால ஹாலை விட்டுக் கிளம்பி ஆறு மணி நேரம் கழிச்சு ரூமுக்குள்ள போனா ஒரு சிக்கலும் இல்லை."

"அது வரைக்கும் எங்க சார் நிக்கது?"

ஸ்ரீராம் சுற்றிலும் பார்த்தார். நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொல்வது அவர் வழக்கம். "வழியில. பாதி வழின்னா வேலூர். அந்தக் கிரைண்டர்கிட்ட நில்லுங்க. அங்க சிக்னலும் சுமாராத்தான் இருக்கு. பயணத்துல இருக்கற மாதிரியே காட்டும்."

சென்னை பெங்களூர் நெடுஞ்சாலை அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. லாரி ஒலி கூடத்துக்கும் கேட்டது, படுக்கையறைக்கும் கேட்டது.

"சார்," என்றாள் ஜெயமணி உள்ளிருந்து. "எனக்குத் தண்ணி தவிச்சா அவுக வேலூர் வழியாவா வருவாக?"

"அவசரத் தேவைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்மா."

"எந்தத் தேவைன்னு முன்னாலயே தெரிஞ்சா அது அவசரமா சார்?"

"நல்ல கேள்வி. அடுத்த ஒட்டுல சேர்த்துக்கறோம்," என்றார் ஸ்ரீராம். காப்பி குடிக்காமலே கிளம்பினார். ஆய்வுக்குப் போன வீட்டில் காப்பி குடிப்பது நம்பிக்கைக்கு இடமளிக்கும்.

அன்று முதல் வீடு இரண்டாயிற்று. சுடலைமுத்து கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். ஜெயமணி உள்ளிருந்து பதில் கொடுப்பாள். மாத்திரை அட்டை, சீப்பு, ஆரஞ்சுப்பழம் எல்லாம் மஞ்சள் கோட்டுக்கு மேலே பறந்து போயின. முனிலட்சுமி தன் வேலைக்கு நடுவே வந்து கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். ஆனால் அவளுக்கும் ரோஜாத் தோட்டத்தில் வேலை இருந்தது. அவள் இல்லாத நேரத்தில் சுடலைமுத்து இரண்டு முறை பொறுக்க முடியாமல் கோட்டைத் தாண்டி ஓடினார். கைபேசியைக் கூடத்தில் போட்டுவிட்டு ஓடினால், உடம்பை விட்டுக் கைபேசி பிரிந்தது என்றது டன்னல். எடுத்துக்கொண்டு ஓடினால் பெங்களூர் என்றது. மதிப்பெண் அறுபத்தொன்று.

"இன்னொரு தரம் வந்தீயன்னா போச்சு," என்றாள் ஜெயமணி. "பேசாம இருங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

உண்மையிலேயே அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிடுவதே இல்லை. சுடலைமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. டன்னல் கற்றுக்கொடுத்த பழக்கம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எங்கோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். ஒரு மதியம் அவர் மஞ்சள் கோடு வரைக்கும் வந்து, கோட்டில் கால்விரல் படாமல் எட்டிப் பார்த்தார். காலையில் முனிலட்சுமி நிரப்பி வைத்துவிட்டுப் போன தண்ணீர்ச் செம்பு, மூடியும் திறக்காமல், அப்படியே இருந்தது. ஜெயமணியின் உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிக்கலியா நீ?"

"குடிச்சா பாத்ரூம் போவணும். பாத்ரூமுன்னா உங்களக் கூப்பிடணும்." அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அந்தத் திரும்பலிலேயே பல்லைக் கடித்துக்கொண்டது தெரிந்தது. கை வயிற்றுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

"எப்பம் இருந்து வலிக்கி?"

"காலையில இருந்து விட்டு விட்டு. வராதீய. அறுபத்தொண்ணு."

சுடலைமுத்து சென்னையிலிருந்து வேலூரில் நிற்காமல் பெங்களூருக்குப் போனார்.

கோட்டைத் தாண்டியபோது சட்டைப்பையில் கைபேசி துடித்தது. கட்டிலருகே துடித்தது. அவளைத் தூக்கி நிறுத்தியபோது துடித்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. முனிலட்சுமியின் மருமகன் ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தினான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஜெயமணியின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு சுடலைமுத்துவை ஒரு பார்வை பார்த்தார்.

"தண்ணியே குடிக்கலை இவங்க. உடம்புல தண்ணி வத்தினா வலி முன்னாடியே வந்துடும்னு சொன்னேனா இல்லையா? வீட்ல யாரும் பக்கத்துல இல்லையா?"

"நான் சென்னையில இருந்தேன் மேடம்," என்றார் சுடலைமுத்து. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

குளுக்கோஸ் ஏறியது. ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் வலி அடங்கியது. குழந்தை உள்ளேயே இருக்கட்டும், பிரசவம் வரைக்கும் அம்மாவும் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா முடிவாகச் சொன்னார். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சுடலைமுத்து அப்போதுதான் கைபேசியை எடுத்தார். மதிப்பெண் நாற்பது. அனுமதி ரத்து. கணக்கு முடக்கம். அதற்குக் கீழே ஆலை மேலாளரின் அழைப்புகள். வரிசை போட ஆள் இல்லாமல் லாரிகள் வாசல் வரை நின்றன. கார் கம்பெனி கத்திக்கொண்டிருந்தது. மேலாளர் ஸ்ரீராமைக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்ரீராம் சொன்ன பதிலை மேலாளர் அப்படியே பதிவுசெய்து, எல்லாரும் கேட்கட்டும் என்று குழுவில் போட்டிருந்தார்.

"இன்னிக்கு ஆலையிலிருந்து ஒரு டிரம்கூட வெளியே போகலைன்னு வருத்தப்படறீங்க. நான் வேற மாதிரி பார்க்கறேன். இன்னிக்கு ஒரு தகவல்கூட வெளியே போகலை. பிரேக் கம்பெனிக்கு நிறுத்தறதைவிடப் பெரிய பெருமை என்ன இருக்கு? அவரைத் திரும்பச் சேர்க்கணும்னா வழி இருக்கு. அவர்தான் அவர்னு நேர்ல போய் ஒருத்தர் உறுதி பண்ணணும். அவரை நல்லாத் தெரிஞ்ச சாட்சி ஒருத்தர் வேணும். விதின்னா விதி."

மறுநாள் காலையில் சுப்ரியா கம்பெனி மடிக்கணினியோடு பிரசவ வார்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தது. அது நடைமுறையில் இல்லாதது. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து திரையைத் திறந்தாள். அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேட்டே ஆகணும். இவரு உங்க வீட்டுக்காரரு சுடலைமுத்துதானா?"

ஜெயமணி தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்ற மனிதரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். சுடலைமுத்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இத்தனை மாதச் சந்தேகத்தில் அவருக்கே கொஞ்சம் தயக்கம் வந்திருந்தது.

"ஆமா. அவுகதான்."

"எப்படித் தெரியும்னு ஒரு காரணம் போடணும்க்கா."

"கூப்பிடாமலே வந்தாக. வராதீயன்னு சொன்ன பிறவும் வந்தாக. வேற எவன் வருவான்?"

சுப்ரியா அதைத் தட்டச்சு செய்தாள். அடுத்த பக்கம் வந்தது. அவள் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு நெற்றியைத் தேய்த்தாள்.

"என்னம்மா?" என்றார் சுடலைமுத்து.

"புது ஒட்டுண்ணா. ராத்திரிதான் போட்டிருக்காங்க. முன்னெல்லாம் கடைசியில 'உறுதி'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அத எடுத்துட்டாங்க. 'உறுதி' பாதுகாப்பு இல்லையாம். இப்போ மூணுதான் இருக்குது. சந்தேகம் அதிகம், சந்தேகம் நடுத்தரம், சந்தேகம் குறைவு." அவள் ஜெயமணியைப் பார்த்தாள். "சந்தேகமே இல்லன்னு போட முடியாதுக்கா. எத அழுத்தட்டும்?"

ஜெயமணி பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, நிதானமாக, முழுச் செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.

"குறைவுன்னே போடும்மா," என்றாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் அவுகள அதுலதான் வச்சிருக்கேன்."

சுப்ரியா அழுத்தினாள். டன்னல் திறந்தது. அவள் எழுந்து மடிக்கணினியைக் கொடுத்தாள். சுடலைமுத்து ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் இறங்க வேண்டியதை லாரியில் முதலில் ஏற்ற ஆரம்பித்தார்.